ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும்

அந்தக் கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் காலி பிஸ்கட் பாக்கெட்டை யாரும் குப்பையில் போடக் கூடாது என்று சித்தி உத்தரவு போட்டிருந்தாள். பிஸ்கட் மட்டுமல்ல. பற்பசை வந்த அட்டைப்பெட்டி, சோப்புத்தூள் கவர், கொசுவர்த்தி டப்பா என்று எதையும் அவளிடம் காட்டாமல் எறியக் கூடாது. அவற்றின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். குறை ஏதும் இருந்தால் அழைக்கலாம், கட்டணம் கிடையாது. அந்த எண்களை நான் ஒரு பழைய ரஃப் நோட்டில் எழுதி வைப்பேன். சித்தி மதியச் சமையலை முடித்து, பாத்திரம் கழுவி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். பட்டியலில் ஒன்றை அழைப்பாள். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்று குரல் வரும். காத்திருப்பாள். ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும் என்றதும் அழுத்துவாள்.

சித்தி என்பது அம்மாவின் கடைசித் தங்கை. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். பிறகு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. வேலை தேடுவதற்காக மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெருங்குடி, சிறுசேரி, மறைமலைநகர் என்று அவள் ஏறி இறங்காத கம்பெனி வாசல் இல்லை. எழுத்துத் தேர்வில் எப்போதும் தேறிவிடுவாள். கடைசிச் சுற்றில் ஒருவர் எதிரே உட்கார்ந்து, உன்னைப் பற்றிச் சொல் என்பார். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் தீரும்வரை ஒழுங்காகப் போகும். அதற்குப் பிறகு அவர்கள் ஏதாவது கேட்டுத் தொலைப்பார்கள். சித்தி கூரையைப் பார்ப்பாள். "கூப்பிடுறோம்" என்பார்கள். கூப்பிட மாட்டார்கள்.

ஊரிலிருந்து தாத்தா ஒரு கெடு வைத்திருந்தார். ஜூன் மாதம் முடியும்வரை பார்ப்பது, இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவது. அரக்கோணத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரோடு ஏற்கெனவே பேச்சு தொடங்கியிருந்தது.

சித்தி முயற்சி செய்யாமல் இல்லை. கடைத்தெருவில், ஒரு செல்போன் கடைக்கு மாடியில் நடந்த ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். முப்பது பேர், ஒரு மணி நேரம். அதில் ஐம்பது நிமிடம் மாஸ்டரே பேசுவார். பயமில்லாமல் பேச வேண்டும் என்று தமிழில் சொல்லிக்கொடுப்பார். மீதிப் பத்து நிமிடத்தில் சித்தியின் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் காலை ஏழரை மணி ஆங்கில ஆராதனைக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்து காபி குடிக்கும்போது, எல்லோரும் தமிழில் பேசிக்கொண்டார்கள். மூன்று வாரம் போய்விட்டு, மறுபடியும் எங்களோடு ஒன்பதரை மணி தமிழ் ஆராதனைக்கே வந்துவிட்டாள்.

டோல் ஃப்ரீ நம்பர் யோசனை தற்செயலாக வந்தது. நான் வாங்கி வந்த பிஸ்கட் பாக்கெட்டில் பாதிக்குமேல் நொறுங்கிக் கிடந்தது. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். கோபத்தில் சித்தி பாக்கெட்டில் இருந்த நம்பருக்கு அடித்தாள், அவசரத்தில் இரண்டை அழுத்திவிட்டாள். எங்கோ இருந்த ஒரு பெண் நான்கு நிமிடம் அவளோடு பொறுமையாக ஆங்கிலத்தில் பேசினாள். தவறுக்கு மன்னிப்புக் கேட்டாள். சித்தி திக்கியபோது காத்திருந்தாள். கடைசியில், அழைத்ததற்கு நன்றி மேடம் என்றாள். போனை வைத்த பிறகு சித்தி வெகுநேரம் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரிக்காமல், ஆங்கிலம் பேச விட்ட முதல் ஆள் அந்தப் பெண்தான் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து தினம் ஒரு கம்பெனி. அம்மா அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில், ஏற்றுமதி வளாகத்தில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்பாவுக்குக் கோட்டை பக்கம் அலுவலகம். இருவரும் காலையில் ரயிலேறிவிட்டால் ஏழு மணிக்குத்தான் திரும்புவார்கள். வீட்டில் நானும் சித்தியும்தான். ஆங்கில வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். சித்தியைவிட எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பதில் எங்கள் இருவருக்குமே சந்தேகம் இருக்கவில்லை. அதனால் ஆசிரியை வேலை எனக்கு. சித்தி போனை ஸ்பீக்கரில் போடுவாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் விடும் பிழைகளை எண் போட்டு எழுதுவேன். பேச்சு முடிந்ததும் வாசித்துக் காட்டுவேன். சித்தி ஒவ்வொன்றையும் பத்து முறை சரியாகச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது முறையில் நிறுத்தினால் விட மாட்டேன்.

இந்தப் பற்பசையைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்பாள். இந்தச் சோப்புத்தூளில் பட்டு துவைக்கலாமா என்று கேட்பாள். கேள்வியை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வாள். தாளில் இருப்பது தீர்ந்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது கேட்டால்தான் வம்பு. சித்தி கொஞ்ச நேரம் இழுப்பாள். உடனே அந்தப் பெண், "மேடம், தமிழ்ல பேசலாமா?" என்று கேட்டுவிடுவாள். நல்லெண்ணத்தில்தான் கேட்பாள். சித்தி சட்டென்று போனை வைத்துவிடுவாள். அந்த மாதிரி நாட்களில் மொட்டை மாடிக்குப் போய், காயாத துணியையெல்லாம் எடுத்து வந்துவிடுவாள்.

மே மாதம் பாதியில் சித்திக்கு பிஸ்கட்டும் பற்பசையும் போதவில்லை. இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது என்றாள். பெரிய பொருளாக இருந்தால் பெரிய பேச்சாக இருக்கும். ஃபிரிட்ஜ் என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது, ஆனால் அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டுப் பொய் சொன்னால் ஃபிரிட்ஜுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சித்திக்குப் பயம். அதனால் வேறொரு கம்பெனியின் எண்ணைச் செய்தித்தாள் விளம்பரத்திலிருந்து எடுத்தோம். குளிர் பிடிக்கவில்லை, சத்தம் வருகிறது, அடியில் தண்ணீர் ஒழுகுகிறது. மூன்று குறைகளையும் சித்தி ஒரு பக்கத்துக்கு எழுதினாள்.

பேச்சு அருமையாகப் போயிற்று. ஏழு நிமிடம், அதுவரை இல்லாத சாதனை. தாள் தீர்ந்துபோனபோது அந்தப் பெண் வீட்டு முகவரியைக் கேட்டாள். சித்தி கூரையைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வருடம்தான் பள்ளியில் கடிதம் எழுதும் பாடம் நடத்தியிருந்தார்கள். போனுக்குப் பக்கத்தில் குனிந்து, கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் என்பது உட்பட, ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தேன். அந்தப் பெண் என்னைப் பாராட்டிவிட்டு வைத்தாள்.

"ஏய், எதுக்குடி நிஜ அட்ரஸைக் குடுத்த?" என்றாள் சித்தி.

"அவங்க கேட்டாங்களே."

சற்று நேரத்தில் சித்தியின் போனுக்குச் செய்தி வந்தது. புகார் பதிவாகிவிட்டது, மெக்கானிக் வருவார். திரும்ப அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். என்ன காரணம் சொல்வது என்று சித்தி தாளில் எழுத ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியத்துக்குமேல் போகவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், யாரும் வர மாட்டார்கள் என்றாள்.

மறுநாள் பன்னிரண்டு மணி வெயிலில் வந்தார். நாற்பது வயது இருக்கும். கம்பெனியின் நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் கருவிப் பை, ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் தாள் செருகிய அட்டை.

"மேடவாக்கத்துலேர்ந்து வரேன் மேடம். மேம்பாலத்து மேலயே அரை மணி நேரம் நின்னுகினு இருந்தேன். ஃபிரிட்ஜு எங்க கீது?"

நான்தான் சமையலறையைக் காட்டினேன். அவர் போய் நின்றார். எங்கள் ஃபிரிட்ஜில் இருந்த பெயரைப் பார்த்தார், அட்டையில் இருந்த தாளைப் பார்த்தார், மறுபடியும் ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

"இது வேற கம்பெனியாச்சே மேடம். நம்ம ஃபிரிட்ஜு?"

"அது... இல்லண்ணா."

"இல்லன்னா? வித்துட்டீங்களா?"

வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினேன். முழு பாட்டிலையும் அண்ணாந்து குடித்தார். "நல்லாத்தான் கூலிங் ஆவுது" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

புகார் தவறாகப் பதிவாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சித்தி மென்று விழுங்கிச் சொன்னாள். அவர் கத்தவில்லை. வாசற்படிக்குப் போய்த் தன் ஆபீசுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்டது. நீ போகவே இல்லை, வீட்டிலிருந்துகொண்டு கதை விடுகிறாய் என்றது. அவர் போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நம்ப மாட்டேங்கிறான்மா. இந்த மாசம் இது மூணாவது. ஒரு வூட்ல கதவே தொறக்கல. இன்னொண்ணு அட்ரஸே இல்ல. மூணு ஆச்சுன்னா ஏரியாவ வேற ஆளுக்குத் தூக்கிக் குடுத்துருவான். சீசன் டைம்மா இது. மே மாசம் உட்டா நமக்கு வேற பொழப்பு இல்ல."

"நான் கையெழுத்து போட்டுத் தரேண்ணா."

"கையெழுத்த நானே போட்டுகினேன்னுவான். நீயே ஒரு போன் போட்டு சொல்லுமா, ஆளு வந்தாருன்னு. அது ஒண்ணுதான் கணக்கு."

சித்தி போனை எடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை அழுத்தினாள். தமிழ்ப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வரவில்லை என்று மெக்கானிக் பேரில் ஏற்றியதை எடுப்பது எங்கள் கையில் இல்லை மேடம், டெல்லி ஆபீசில்தான் முடியும், அவர்களுக்கு இந்தியோ இங்கிலீஷோதான் தெரியும், இணைக்கட்டுமா என்றாள். சித்தி மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"அந்த டெல்லி ஆளுகிட்ட போன தடவ நானும் பேசிப் பாத்துட்டேன்மா. யெஸ் சார், நோ சாரைத் தவிர நமக்கு ஒண்ணும் வராது" என்றார்.

இணைப்புக்கு முன்னால் இசை ஓடியது. நான் வழக்கப்படி நோட்டைத் திறந்து, பென்சிலைச் சீவி, ஒன்று என்று எண் போட்டு வைத்தேன். சித்தி ஒரு வெற்றுத் தாளைத் தேடினாள். எழுதுவதற்குள் டெல்லிக்காரர் வந்துவிட்டார்.

நல்ல கரகரப்பான குரல். அவசரத்தில் இருந்தார். புகார் எண்ணைக் கேட்டார். சித்தி சொன்னாள். ஆள் வரவில்லை என்று எங்களுக்குத் தகவல் இருக்கிறதே என்றார். "ஹீ டிட் கேம்" என்றாள் சித்தி. நான் ஒன்றாவது பிழையை எழுதினேன். அந்த ஆள் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு இப்படிச் சொல்லச் சொல்கிறாரா மேடம், பயப்படாமல் சொல்லுங்கள் என்றார் டெல்லிக்காரர். சித்தி நிமிர்ந்து பார்த்தாள். மெக்கானிக்குக்குக் கேட்டதில் ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்திருக்கும். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

சித்தியின் முகம் சிவந்துவிட்டது. அப்படி ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. யாரும் சொல்லச் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்றாள். உங்கள் ஃபிரிட்ஜ் என்னிடம் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்றாள். பிறகு எதற்காகப் புகார் கொடுத்தீர்கள் என்றார் அவர்.

"ஐ காண்ட் ஸ்பீக் இங்கிலீஷ். டு லேர்ன் ஸ்பீக்கிங், ஐ கால்டு."

"வாட்?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

சித்தி அதையே இன்னும் உரக்கச் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. பயிற்சிக்காகக் கூப்பிட்டது நான், அட்ரஸ் கொடுத்தது நாங்கள், இந்த மனிதர் பாலத்தின்மேல் வெயிலில் அரை மணி நேரம் நின்று வந்திருக்கிறார், நீங்கள் ஏசியில் உட்கார்ந்துகொண்டு அவர் வரவில்லை என்று எழுதுகிறீர்கள் என்றாள். நான் வேகவேகமாக எழுதினேன். நான்கு, ஐந்து, ஆறு. மற்ற நாட்களில் அவள் யோசிக்கும் நேரத்தில் நான் எழுதி முடித்துவிடுவேன். அன்று அவள் யோசிக்கவில்லை. என் பென்சில் பின்தங்கிவிட்டது. ஒன்றை எழுதுவதற்குள் இரண்டு போய்விட்டன.

டெல்லிக்காரரின் குரல் இறங்கியிருந்தது. சரி, வாடிக்கையாளரின் தவறு என்று பதிவு செய்கிறேன் என்றார். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள் என்றாள் சித்தி. அவர் வாசித்தார். போதாது, மெக்கானிக் வந்தார் என்பதையும் சேருங்கள், பன்னிரண்டு மணிக்கு வந்தார் என்று மணியையும் போடுங்கள் என்றாள். அவர் சேர்த்தார். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். இனிமேல் இந்த எண்ணிலிருந்து புகார் எதுவும் எடுக்க மாட்டோம் மேடம், பிளாக் செய்ய வேண்டியிருக்கும் என்றார்.

"ஓகே. பிளாக்" என்றாள் சித்தி. அவர் நன்றி சொல்வதற்கு முன்னால் இவளே நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

ஐந்து நிமிடத்தில் மெக்கானிக்கின் போனில் செய்தி வந்தது. தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மூன்று என்று இருந்தது இரண்டு ஆகியிருந்தது போல. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சித்தியைப் பார்த்தார்.

"ஏம்மா, டெல்லிக்காரனையே இந்தக் காச்சு காச்சுற. உனுக்கு இன்னாத்துக்குமா பிராக்டீஸு?"

இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள் சித்தி. வேண்டாம், இன்னும் ஆறு வீடு இருக்கிறது என்றார். வண்டியைக் கிளப்பும்போது, "இனிமே கூப்புடுறதுன்னா வேற கம்பெனிக்காரன கூப்புடுமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தி உள்ளே வந்து ஃபிரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். என் கணக்குப்படி இருபத்து மூன்று பிழைகள். நான் தவறவிட்டவை தனி. அதுவரை ஒரே பேச்சில் பன்னிரண்டைத் தாண்டியதில்லை.

"ஒண்ணு. ஹீ டிட் கேம் இல்ல சித்தி, ஹீ டிட் கம். பத்து தடவை சொல்லு."

நான்காவது பிழை வரை கேட்டாள். பிறகு, "போதும் பாப்பா" என்று என் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து, அடுப்பைப் பற்றவைத்தாள்.

நடந்ததை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று பேசிக்கொண்டோம். அதோடு எல்லாம் நின்றுபோயிற்று. சித்தி மறுநாளும் யாரையும் அழைக்கவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. நான் எடுத்துவைத்த காலி டப்பாக்களை என்ன ஏது என்று கேட்கவுமில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு, அம்மாவிடம் இதை மட்டும் வருத்தத்தோடு சொன்னேன்.

"சித்தி இங்கிலீஷ் கத்துக்கிறத விட்டுட்டா."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "அப்போ ஊருக்குப் போய்த்தான் ஆகணுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

ஜூன் மூன்றாவது வாரம் சித்தி பெருங்குடியில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்தாள். அம்மாவுடைய நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு போனவள், மாலையில் வேளச்சேரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு இனிப்புப் பெட்டி. அம்மா வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அப்பா தாத்தாவுக்குப் போன் செய்தார். எல்லோரும் கொஞ்சம் அடங்கிய பிறகு நான் சித்தியைத் தனியாகப் பிடித்தேன்.

"என்ன கேட்டாங்க?"

"வழக்கம்போலதான். உன்னைப் பத்தி சொல்லுன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னென்னமோ சொன்னேன்டி. எங்க ஊரு ஏரி, அது ரொம்பினா ஸ்கூலுக்கு லீவு விடுறது. அதுக்கு அவரு அவங்க ஊரு ஆத்தைப் பத்தி சொன்னாரு. அப்படியே பேசிக்கிட்டே இருந்தோம், நேரம் போனதே தெரியல."

"எத்தனை தப்பு விட்ட?"

சித்தி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"தெரியலடி. கவனிக்கல."

எனக்குத் திக்கென்றது. தான் விடும் பிழையைக்கூடக் கவனிக்காமல் ஒருத்தி பேசிவிட்டு வந்திருக்கிறாள், அவளை அவர்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அவ்வளவு நல்ல கம்பெனியாக இருக்காது என்று முடிவு செய்தேன். ஆனால் சித்தி அன்று அத்தனை சந்தோஷமாக இருந்தாள். பாவம், அவள் மனம் நோக வேண்டாம் என்று, ஒன்றும் சொல்லாமல் இனிப்பைத் தின்றுகொண்டிருந்தேன்.